கரடிக்கு அளவெடுக்கும் குரங்கு

ஜோயல்,

போன வாரம் போனில் இரண்டு விஷயம் சொன்னாய். கல்யாண அழைப்பிதழில் டேவிட் சித்தப்பாவின் பெயர் வேண்டாம் என்பது ஒன்று. ஹாலில் தொங்கிக்கொண்டிருந்த கரடிப் படம் பூஞ்சை பிடித்துப்போயிற்றே, ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு தூக்கிப் போட்டுவிடு என்பது இன்னொன்று. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, ஆபீஸ் கால் வருகிறது என்று வைத்துவிட்டாய். அந்த இரண்டும் வெவ்வேறு விஷயம் இல்லை. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நீ டாக்ஸியில் போகும்போது பாதி படித்துவிட்டு ஒரு கட்டை விரலைப் போட்டுவிடுவாய். தாளில் எழுதினால் கொஞ்சம் மரியாதை இருக்கும் என்று நினைக்கிறேன்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீ தப்பாகப் புரிந்துகொண்டிருக்கலாம். உன் அப்பா போனதிலிருந்து எனக்கு எதுவும் உறைக்கவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு உதடு இருக்கும், ஆனால் நம்முடையதாக இருக்காது, அந்த மாதிரி. சபையிலிருந்து வந்த பெண்கள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள், அழுதால் பாரம் இறங்கும் என்றார்கள். நான் அவர்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். உன் நிச்சயதார்த்தத்தில் ப்ரியாவின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டபோது அது யாருடைய கையோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நீ அதைக் கவனித்தாய், உன் முகம் வாடியதும் எனக்குத் தெரிந்தது. ப்ரியா எனக்குப் பிடிக்காதவள் இல்லை. அந்த நாட்களில் எனக்குப் பிடித்தது, பிடிக்காதது என்று எதுவுமே இல்லை. சாம்பாரில் உப்பு இல்லை என்று வேலைக்கு வரும் லக்ஷ்மி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

இனி படம். நீ பிறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறாய், ஆனால் பார்த்திருக்க மாட்டாய். தினமும் பார்க்கிற எதையும் நாம் பார்ப்பதில்லை. தலையில் பவுடர் பூசிய பொய்முடி வைத்துக்கொண்டு ஒரு கரடி நிற்கிறது. உடம்பில் பாதி தைத்த பச்சைக் கோட்டு. முக்காலி மேல் ஏறி நின்று ஒரு குரங்கு அதற்கு அளவெடுக்கிறது. குரங்கின் வாயில் குண்டூசிகள். பக்கத்து மேஜையில் ஒரு ஹூக்கா, வாய் திறந்த ஒரு பணப்பை. படத்துக்குக் கீழே ஏதோ எழுத்து இருந்திருக்க வேண்டும், யாரோ ஃபிரேமுக்குள் நுழைப்பதற்காக அதை வெட்டிவிட்டிருந்தார்கள்.

அப்பாவின் தாத்தா பெங்களூர் கன்டோன்மென்டில் ராணுவ அதிகாரிகளுக்குத் துணி தைத்தவர். ஊருக்குத் திரும்பும்போது ஒரு வெள்ளைக்கார அதிகாரி அவருக்கு அதைக் கொடுத்துவிட்டுப் போனாராம். அவருடைய மகனும், அதாவது உன் தாத்தாவும், டெய்லர்தான். சிவாஜிநகரில் ஒரு சந்துக்குள் கடை. அந்தக் கடைச் சுவரிலிருந்துதான் படம் நம் வீட்டுக்கு வந்தது. அப்பா படித்து அரசாங்க உத்தியோகத்துக்குப் போனார். சித்தப்பா படிப்பை விட்டுவிட்டுக் கடையில் உட்கார்ந்தார். கடை மூடிய பிறகு பொம்மசந்திராவில் ஒரு கார்மென்ட்ஸ் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராகச் சேர்ந்து, அங்கேயே ஓய்வு பெற்றார். அண்ணன் தம்பிக்குள் பொறாமை கிடையாது. கிறிஸ்துமஸுக்கு உனக்கும் தன் மகள் ஷீபாவுக்கும் ஒரே துணித் தானில் வெட்டித் தைத்துக் கொண்டுவருவாரே, அது உனக்கு ஞாபகம் இருக்கும்.

ஷீபாவின் நிச்சயதார்த்தம் நம் வீட்டில்தான் நடந்தது, நம் ஹால் பெரியது என்பதால். அன்று நீ மொட்டை மாடியில் மற்றப் பிள்ளைகளோடு இருந்தாய். சித்தப்பா கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்பதுதான் உனக்குத் தெரியும். நடந்தது இதுதான். மாப்பிள்ளையின் மாமா ஒருவர், நல்ல மனிதர்தான், கொஞ்சம் பேச்சுக்காரர். படத்தின் முன்னால் நின்று, குரங்கைக் காட்டி, இது உங்கள் தாத்தாவா என்று கேட்டார். டெய்லர் குடும்பம் என்று அவருக்கு அப்போதுதான் யாரோ சொல்லியிருந்தார்கள். ஹால் முழுக்கச் சிரித்தது. அப்பாவும் சிரித்தார். வந்தவர் மனம் நோகக்கூடாது என்று சிரித்தார் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். சித்தப்பா மட்டும் சிரிக்கவில்லை. சமையலறைக்கு வந்து அண்ணனைக் கூப்பிட்டு, அந்தப் படத்தைக் கழற்றி உள்ளே வையுங்கள் என்று மெதுவாகத்தான் கேட்டார். சும்மா ஒரு ஜோக்குடா, இதைப் போய் பெரிசு பண்ணாதே என்றார் அப்பா. வெள்ளைக்காரன் நம் தாத்தாவைக் குரங்கு என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் போன படம், அதை நீங்கள் நடுவீட்டில் மாட்டியிருக்கிறீர்கள் என்றார் சித்தப்பா. அது கௌரவமாகக் கொடுத்தது என்றார் அப்பா. பந்தி முடிந்ததும் சித்தப்பா குடும்பத்தோடு கிளம்பினார். அதன் பிறகு வரவில்லை. அப்பாவின் அடக்கத்துக்கு வந்தபோதும் பின்னால் நின்றுவிட்டு, மண் போடாமல் போய்விட்டார். அதை நீ மன்னிக்கவில்லை.

இந்த மழைக்காலத்தில்தான் படத்தில் பழுப்புப் புள்ளிகள் வந்ததைக் கவனித்தேன். சுவரில் ஓதம். கழற்றித் துடைக்கலாம் என்று எடுத்தவள், பின்பக்க அட்டை தானாகக் கழன்று வந்ததும் தாளை வெளியே எடுத்து மேஜையில் வைத்தேன். கல்லூரியில் வகுப்பெடுத்த காலத்து லென்ஸ் ஒன்று டிராயரில் இருந்தது. பூச்சியின் கால்களை எண்ணுவதற்கு வைத்திருந்தது. ஏன் எடுத்தேன் என்று கேட்காதே, செய்வதற்கு வேறு எதுவும் இல்லை. லென்ஸை வைத்துப் பார்த்ததும் முதலில் தெரிந்தது, அது சும்மா ஏதோ ஒரு கரடி இல்லை. தொங்கும் கீழுதடு. வளைந்த நீள நகங்கள். சட்டை திறந்த இடத்தில் மார்பில் வெள்ளை வளைவு. வாய் கொஞ்சம் திறந்திருக்கிறது, மேல்வரிசையில் நடுவில் இரண்டு பல் கிடையாது. அது நம் ஊர்க் கரடி, ஜோயல். ராமநகரப் பாறைகளில் கரையான் உறிஞ்சித் தின்கிற கரடி. காற்றை உறிஞ்சுவதற்காகத்தான் அந்த இரண்டு பல் இல்லாமல் இருக்கும். எத்தனையோ வருஷம் பிள்ளைகளுக்கு இதைக் கரும்பலகையில் வரைந்து காட்டியிருக்கிறேன், என் வீட்டுச் சுவரிலேயே இருந்ததைப் பார்க்கவில்லை.

இந்தக் கரடியை ஐரோப்பாவில் முதலில் கரடி என்றே ஒத்துக்கொள்ளவில்லை. நகத்தைப் பார்த்துவிட்டு மரத்தில் தலைகீழாகத் தொங்குகிற ஸ்லாத் என்ற சோம்பல் விலங்கு மாதிரி ஏதோ ஒன்று என்று எழுதினார்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில்தான் இதைப் பற்றிய பேச்சே அங்கே தொடங்கியது. அப்படியானால் வரைந்தவன் அதற்கு ரொம்ப முன்னால் வரைந்திருக்க முடியாது. உயிரோடோ பாடம் பண்ணியோ அங்கே கொண்டுபோன ஒன்றை அவன் நேரில் பார்த்திருக்க வேண்டும், கேள்விப்பட்டு வரைந்தால் அந்தப் பல் வராது. அதற்குப் பிறகு நூலகத்துக்குப் போய் உடைகளைப் பற்றிய புத்தகம் பார்த்தேன். பவுடர் பூசிய பொய்முடியும் முழங்காலோடு நிற்கும் கால்சட்டையும் அந்த நூற்றாண்டு முடியும்போது வழக்கொழிந்து போகின்றன. குரங்கின் கையில் இருப்பது இஞ்ச் டேப் இல்லை, எண்ணே இல்லாத வெறும் காகிதப் பட்டை. டேப் வருவதற்கு முன்னால் டெய்லர்கள் பட்டையில் சின்னச் சின்ன வெட்டுப் போட்டுத்தான் அளவு குறித்துக்கொள்வார்களாம். எல்லாம் பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசிப் பக்கமே கையைக் காட்டின.

தாளைப் பற்றி எனக்குத் தெரியாது என்பதால் ரோகிணி என்ற பெண்ணிடம் எடுத்துக்கொண்டு போனேன். என்னுடன் வேலை பார்த்த ஒருவரின் மகள். பசவனகுடியில் பழைய தாள்களையும் ஓவியங்களையும் சீர்செய்கிற வேலை. நான் உறையிலிருந்து அவசரமாக உருவப் போனேன், அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு “நிதான, மேடம், நிதான” என்றாள். கன்னடத்தில் அந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டுப் பழகியதுதான், அன்று என்னவோ உட்கார்ந்துவிட்டேன். அவள் தாளைச் சாய்த்து வெளிச்சத்தில் காட்டினாள். செப்புத் தகட்டின் விளிம்பு அழுந்திய தடம் மூன்று பக்கம் இருந்தது, நான்காவது பக்கம் எழுத்தோடு சேர்ந்து வெட்டுப்பட்டிருந்தது. இந்தக் காலத்து அச்சில் வருகிற நுண்புள்ளிகள் இல்லை, எல்லாம் கோடு. கரடியின் உடையில் இருந்த பச்சை நிறம் சில இடத்தில் வரைந்த கோடுகளைத் தாண்டி வழிந்திருந்தது, யாரோ கையால் பூசியது. ஆக, காலண்டரில் கிழித்த படம் இல்லை. பிறகு தாளை விளக்குக்கு முன்னால் பிடித்தாள். உள்ளே நீர்க்குறி தெரிந்தது, தாள் செய்யும்போதே அதற்குள் பதிகிற எழுத்து. பாதிப் பெயரும், அதன் பின்னால் ஆண்டின் முதல் இரண்டு எண்களும். பதினெட்டு என்று ஆரம்பித்து, அதாவது ஆயிரத்து எண்ணூறுகளில் ஏதோ ஒரு வருஷம், மிச்சம் வெட்டுப்பட்டுவிட்டது.

எனக்குக் குழப்பமாகிவிட்டது. உடையும் கரடியும் ஒரு நூற்றாண்டைச் சொல்கின்றன, தாள் அடுத்த நூற்றாண்டைச் சொல்கிறது. ரோகிணி நிழல் விழுந்த மூலைகளைக் காட்டினாள். அங்கே கோடுகள் தேய்ந்து சாம்பலாகியிருந்தன. தகட்டை முன்னால் செதுக்கியிருக்கிறார்கள், நிறைய அச்சடித்து அது தேய்ந்த பிறகு, சில வருஷம் கழித்து, புதுத் தாளில் மறுபடி போட்டிருக்கிறார்கள், இது அதில் ஒன்றாக இருக்கலாம் என்றாள். அதற்கு மேல் கேட்காதீர்கள், பெயரும் தேதியும் இருந்த இடம் போய்விட்டது, தெரியாததைத் தெரியாது என்றுதான் எழுதித் தருவேன் என்றாள். எனக்கு அந்தப் பேச்சு பிடித்தது. அப்பா போன பிறகு எல்லோரும் என்னிடம் தங்களுக்கு எல்லாம் தெரிந்த மாதிரியே பேசினார்கள், அவர் எங்கே இருக்கிறார் என்பது உட்பட.

படத்தின் கேலியும் அப்போதுதான் விளங்கியது. இந்தியாவுக்கு வந்து கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகத்தில் சுருட்டிக்கொண்டு லண்டனுக்குத் திரும்பிய திடீர்ப் பணக்காரன்தான் அந்தக் கரடி. அதனால்தான் இந்தியக் கரடி, அதனால்தான் ஹூக்கா. புதுக்கோட்டுப் போட்டுக்கொண்டு கனவான் ஆகப் பார்க்கிறான். குரங்கு லண்டன் டெய்லர். வரைந்தவன் அதையும் சும்மா விடவில்லை, பின்னால் வைத்த இன்னொரு கையில் அது திருடிய ஒரு துண்டுத் துணியை ஒளித்து வைத்திருக்கிறது. இத்தனைக்கும் நம் பூட்டனாருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அவர் கைக்கு வந்தபோதே அது அரதப் பழசு. கொடுத்தவர் கேலியாகக் கொடுத்தாரா, அன்பாகக் கொடுத்தாரா, மூட்டை கட்டும்போது இடமில்லாமல் கொடுத்தாரா, அது எந்த லென்ஸிலும் தெரியாது. அண்ணன் சொன்னதும் நிரூபணமாகவில்லை, தம்பி சொன்னதும் நிரூபணமாகவில்லை.

போன சனிக்கிழமை மெட்ரோ மாறி மாறி பொம்மசந்திரா போனேன். உன்னிடம் சொல்லவில்லை, சொன்னால் தடுத்திருப்பாய். படத்தை இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்துக் கட்டி எடுத்துக்கொண்டேன். ஸ்டேஷனிலிருந்து ஆட்டோ. எஸ்தர் சித்தி கதவைத் திறந்து என் கைப்பையை வாங்கிக்கொண்டாள். சித்தப்பா மெலிந்திருந்தார். அப்பாவின் சாயல் இவ்வளவு இருக்கும் என்று நான் நினைத்துப் போகவில்லை. பார்த்தும் எனக்கு ஒன்றும் ஆகவில்லை, அதையும் கவனித்துக்கொண்டிருந்தேன். கட்டிலில் படத்தை விரித்து, வகுப்பில் சொல்வதைப் போல, கரடியின் பல்லிலிருந்து தாளின் நீர்க்குறி வரை ஒன்று விடாமல் சொன்னேன். குரங்கு ஒளித்து வைத்திருக்கும் துணியையும் மறைக்கவில்லை. அதைக் காட்டியதும் அவர் லேசாகச் சிரித்தார். மிச்சத் துணியில்தான் எங்கள் அப்பா அண்ணனுக்கும் எனக்கும் ட்ரவுசர் தைத்தார், அதிகாரி வீட்டுக் கம்பளித் துணி, வெயில் காலத்தில் தொடை அரிக்கும் என்றார். பிறகு குரங்கின் மேல் விரலை வைத்தார்.

“அண்ணி, நீங்க படிச்சவங்க, நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். வெள்ளைக்காரன் யாரைக் கிண்டல் பண்ணான்னு தெரிஞ்சு எனக்கு என்ன ஆகப்போகுது? எனக்கு இந்தக் குரங்கைப் பார்த்தா எங்கப்பா. வாயில குண்டூசிய வெச்சுக்கிட்டு, பேசக்கூட முடியாம, வர்றவன் போறவன் காலடியில எல்லாம் குனிஞ்சு கிடந்தாரு. அன்னிக்கு ஹால்ல எல்லாரும் அவரைப் பார்த்துதான் சிரிச்சாங்க. அண்ணனும் சிரிச்சான்.”

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். கல்யாணமான புதிதில், இந்தக் கோரமான படத்தை ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று உன் அப்பாவைக் கேட்டேன். உன் தாத்தாவுக்கு இருப்பது ஒரே ஒரு ஸ்டுடியோ போட்டோ, இரவல் கோட்டு, நிமிர்ந்த தலை. அப்பா அதைக் காட்டிவிட்டு இந்தப் படத்தைக் காட்டினார். அவர் சொன்னதை அப்படியே சித்தப்பாவிடம் சொன்னேன்.

“‘எங்கப்பா வேலை செய்யற மாதிரி போட்டோ ஒண்ணுகூட இல்ல. வாயில குண்டூசியோட எங்கப்பா இருக்கறது இதுல மட்டும்தான்’னு சொன்னார்ப்பா.”

சித்தப்பா எழுந்து பின்பக்கம் போனார். குழாய்த் தண்ணீர் ஓடுகிற சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. எஸ்தர் சித்தி என்னைப் பார்த்தாள், நான் கையிலிருந்த காபியைப் பார்த்தேன். அழ முடிகிற ஒருவர் மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது. இரண்டு பேரும் ஒரே முகத்தைத்தான் அந்தக் குரங்கில் பார்த்திருக்கிறார்கள். ஒருவர் அதை மாட்டி வைக்க நினைத்தார், இன்னொருவர் மூடி வைக்க நினைத்தார். இதை அப்பா அன்று சமையலறையில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். வெளியே விருந்தாளிகள் இருந்தார்கள், சொல்வதற்கு வெட்கமாக இருந்திருக்கும். சும்மா ஒரு ஜோக் என்பது வாயில் சுலபமாக வருகிற வார்த்தை. ப்ரியாவிடம் நீ எதை வேண்டுமானாலும் சொல், சண்டை போடு, அந்த வார்த்தையை மட்டும் சொல்லாதே. நாலு பேர் உங்கள் வீட்டில் சிரிக்கும்போது, யார் சிரிக்கவில்லை என்று ஒரு தடவை திரும்பிப் பார். நான் உனக்குப் புத்தி சொல்வதற்கு வேறு பெரிதாக ஒன்றும் இல்லை.

முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தவரிடம் படத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். வேண்டாம், அது அங்கேயே இருக்கட்டும், ஹாலில் மட்டும் வேண்டாம் என்றார். ரோகிணியிடம் கொடுத்துப் புள்ளிகளை எடுத்துவிட்டு என் அறையில் மாட்டப் போகிறேன். அடக்கத்தன்று மண் போடாமல் போனதைப் பற்றி நான் கேட்கவில்லை. அவரே சொன்னார், கிட்ட வர முடியவில்லை, கால் வரவில்லை என்று. எனக்கு அது புரிந்தது. எனக்குக் கால் வந்தது, மற்றதெல்லாம் வரவில்லை.

நீ கல்யாணத்துக்கு மாலில் கோட்டு எடுத்துவிட்டதைப் பேச்சுவாக்கில் சொன்னேன். அதைக் கேட்டதும் அவர் முகம் மாறிவிட்டது.

“ரெடிமேடு அவனுக்கு உக்காராது, அண்ணி. அவனுக்கு அண்ணன் உடம்பு. இடது தோள் கொஞ்சம் எறக்கம். அண்ணன் கல்யாணக் கோட்டுக்கு அந்தப் பக்கம் உள்ள பஞ்சு வெச்சு சமன் பண்ணினது நான்தான். வெளியில யாருக்கும் தெரியாது.”

எனக்கும் தெரியாது, ஜோயல். இத்தனை வருஷம் அந்த மனிதரோடு இருந்தவள் நான். ஆபீஸ் பை எப்போதும் இடது தோளிலிருந்து நழுவும், ஒழுங்காக மாட்டத் தெரியாதா என்று வாசலில் நின்று கத்துவேன். சுருக்கம் விழுந்த சட்டை ஒரு பக்கம் இறங்கி நிற்கும், இஸ்திரிக்காரரைத் திட்டுவேன். திரும்பி வருகிற ரயிலில் உட்கார்ந்துகொண்டு அந்தத் தோளை நினைத்துப் பார்த்தேன். எலெக்ட்ரானிக் சிட்டியில் கூட்டம் ஏறி என்னை ஜன்னலோடு நெருக்கியது. அழவில்லை. ஆனால் வலித்தது. எங்கே வலிக்கிறது என்று கையை வைத்துக் காட்ட முடிகிற மாதிரி வலித்தது.

அழைப்பிதழில் அவர் பெயரைப் போடு. அப்பாவின் பெயருக்கு அடுத்து போடு. போனில் கூப்பிடாதே, ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ப்ரியாவையும் கூட்டிக்கொண்டு நேரில் போ. மாலில் எடுத்ததை ரிசப்ஷனுக்குப் போட்டுக்கொள்ளலாம், ஆலயத்துக்கு அவர் தைப்பது. மெல்லிய சட்டையில் வரச் சொன்னார், உள்ளே பனியன் வேண்டாமாம். பக்கத்தில் நின்று பேசிக்கொண்டே அளவெடுப்பார், அந்த நேரத்தில் போனைப் பார்க்காதே. பெரியவர் முன்னால் நிற்கிறோம் என்று உனக்கு விறைப்பாக நிற்கத் தோன்றும். தோளைத் தூக்காதே. இருக்கிறபடியே நில்.

அம்மா